எறும்பு வராத இடம்

குழந்தை அழவில்லை. ஆனால் வனஜாவுக்குப் பால் இறங்கியது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் அந்த நேரத்துக்கு ஆண்கள் எல்லாம் வேலையில் இருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வந்திருக்க மாட்டார்கள், பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்ந்திருப்பார்கள். தூரத்தில் மின்சார ரயில் போகும் சத்தமும் யார் வீட்டிலோ குழாய் சொட்டும் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. பாப்பா கூடத்தில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வனஜா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் இரண்டு மார்பிலும் சுருக்சுருக்கென்று ஊசி குத்தியது. பிறகு உள்ளே இருக்கிற நரம்பெல்லாம் ஒன்றுகூடி முன்னால் ஓடிவருவது போன்ற அந்த இழுப்பு. என்ன ஏது என்று குனிந்து பார்ப்பதற்குள் ரவிக்கை நனைந்து, ஈரம் வயிற்றில் வழிந்து, மடியில் கிடந்த பூண்டுத் தோலெல்லாம் ஊறிப்போய்விட்டது.

அவள் முறத்தைத் தள்ளிவிட்டு ஓடினாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பார்கள். எழுப்பினாள். தூளியிலிருந்து அள்ளி எடுத்து, சுவரோடு சாய்ந்து, வாயில் வைத்தாள். பாப்பாவுக்குப் பசி, கண்ணைத் திறக்காமலே கவ்விக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு இழுப்பு. அவ்வளவுதான். வாயை எடுத்துவிட்டு, முதுகை வில்லாக வளைத்து, முகம் கன்றிச் சிவந்து கத்த ஆரம்பித்தாள். வனஜா அழுத்திப் பார்த்தாள், பிதுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. அடுக்களையிலிருந்து கூடம் பத்தடி தூரம். அந்தப் பத்தடிக்குள் எல்லாம் வற்றிவிட்டது.

இது முதல் தடவை அல்ல. எட்டு நாளாக இப்படித்தான். பாப்பா வீறிட்டு அழும்போது மார்பு வெறும் சதையாகக் கிடக்கும். பாப்பா தூங்கும்போது, வீடு அமைதியாக இருக்கும்போது, எந்தக் குரலும் இல்லாதபோது, ஊற்றாகப் பெருக்கெடுக்கும். பிள்ளை அழும் குரல் காதில் விழுந்தால் பால் தானாக இறங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதைத்தான் வனஜா நினைத்து நினைத்துப் பயந்தாள். அவள் காதில் விழாத எதையோ அவள் மார்பு கேட்டுக்கொண்டிருந்தது.

பாப்பா பிறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. பிறக்கும்போது இரண்டே முக்கால் கிலோ. போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது முள் இரண்டு கிலோ முந்நூறில் நின்றது. லேடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அடுத்த திங்கட்கிழமை இதைவிடக் குறைஞ்சு வந்தா நான் பொறுப்பில்லம்மா" என்றார். பால் பவுடர் கொடுத்தால் பாப்பாவுக்கு வயிற்றால் போயிற்று. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. பாலாடையில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் உயிரை நிறுத்தி வைத்திருந்தாள்.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. பால்சுறாவைப் புட்டு செய்து சாப்பிடு, பூண்டைப் பாலில் வேகவை, முருங்கைக்கீரையை விடாதே, சீரகத் தண்ணீர் குடி. வனஜா ஒன்றையும் விடவில்லை. ஒரே நாளில் இரண்டு வேளை சுறாப்புட்டு தின்று, அந்த வாடையில் தன்னையே தனக்குப் பிடிக்காமல் போனதும் உண்டு. தின்றதெல்லாம் பாலாகத்தான் மாறியது, அதுதான் கொடுமை. பால் இருந்தது. வேண்டிய மட்டும் இருந்தது. பாப்பாவுக்கு மட்டும் இல்லை.

வனஜாவுக்கு அம்மா கிடையாது. அதனால் பிரசவம் ஆவடியிலேயே நடந்தது. ஒத்தாசைக்குக் கரையான்சாவடியிலிருந்து கணவன் குணசேகரனின் அக்கா பஞ்சவர்ணம் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். கெட்டவள் அல்ல. மூன்று பிள்ளை பெற்றவள், அந்த மிடுக்கு அவளுக்கு உண்டு. ஊரில் இருக்கிற டாக்டரெல்லாம் தன்னிடம் வந்து படிக்க வேண்டும் என்கிற மாதிரிதான் பேசுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே வனஜாவை உட்காரவைத்து, வலியில் அவள் பல்லைக் கடிக்கக் கடிக்க, சீம்பாலைப் பிழிந்து எவர்சில்வர் டம்ளரில் எடுத்தாள்.

"மஞ்சப் பாலுடி இது. கொயந்தைக்கு ஆவாது, மாந்தம் வந்துடும். மூணு நாளிக்கு சக்கரத் தண்ணி போதும். நான் இன்னா கொயந்த பெக்காதவளா?"

"டாக்டரம்மா அதைத்தான் முதல்ல குடுக்கணும்னு சொன்னாங்களே அண்ணி."

"அவங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவாங்க."

பிழிந்த பாலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. எறும்பு மொய்த்தால் தாய்க்கு மார் கட்டிக்கொள்ளும், பால் வற்றிப்போகும் என்பது பஞ்சவர்ணத்தின் கணக்கு. டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய், இடுப்பைப் பிடித்தபடி குனிந்து குனிந்து தேடினாள். துவைக்கிற கல்லண்டை எறும்பு. முருங்கை மரத்தடியில் எறும்பு. குழாயடியிலும் எறும்பு. கடைசியில் மதில் மூலையில் ஓர் இடம் அகப்பட்டது. பின்கதவில் சாய்ந்து நின்ற வனஜாவைப் பார்த்து அவள் பூரித்துப் போய்க் கூப்பிட்டாள்.

"அம்மாடி, இங்க பாரு. ஒரு எறும்புகூட இல்ல. நல்ல எடமா கீது."

முறத்தளவு மண். சுற்றிலும் புல் இருந்தது, அங்கே இல்லை. பஞ்சவர்ணம் டம்ளரைக் கவிழ்த்தாள். தேங்கி நிற்காமல், வழிந்து ஓடாமல், ஊற்றிய சுவடே தெரியாமல் பால் உள்ளே போய்விட்டது. "அட, இன்னா வேகமா குடிக்குது மண்ணு!" என்று அவள் சிரித்தாள். மூன்று நாளும், நாளைக்கு நாலு தடவை, அங்கேதான் ஊற்றினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பாப்பா இரண்டு மணி நேரம் இடைவிடாமல் கத்தி ஓய்ந்த பிறகு, பக்கத்து வீட்டு ஷம்ஷாத் கதவைத் தட்டினாள். அவள் வீட்டுக்காரரும் பாக்டரிதான். ஆறு வருஷமாக அதே வரிசையில் இருக்கிறவள். நாலு பிள்ளைக்காரி. கடைசிப் பையன் பாலை மறந்து ஒரு வருஷமாகிறது.

"சொவத்துக்கு அந்தாண்ட என்னாலயே ஒக்கார முடியல. குடு இப்டி."

ஷம்ஷாத் சுறுசுறுப்பானவள். வனஜாவின் முதுகுக்குத் தலையணை வைத்தாள், பாப்பாவை வயிற்றோடு வயிறு ஒட்டப் போட்டாள், தலையைத் தாங்கிப் பிடித்து, கீழுதடு மடங்காமல் வெளியே வரும்படி செய்து, காம்பு மட்டுமில்லாமல் கறுப்பு முழுக்க வாய்க்குள் போகும்படி வைத்துக் காட்டினாள். பாப்பா பிரமாதமாகக் கவ்வினாள். கன்னம் அசைந்தது. தொண்டை அசையவில்லை. ஷம்ஷாத் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். விழுங்கும் சத்தம் இல்லை.

"புள்ளைக்குக் குடிக்கத் தெரியுதும்மா. மார்ல ஒண்ணும் எறங்கலியே" என்றவள், வனஜாவின் புடவையைத் தொட்டுப் பார்த்து, "இவ்ளோ பால் இங்க ஊறிக் கெடக்குது, அப்பறம் எங்கதான் போவுது?" என்றாள்.

வனஜாவுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

"அழாத. போன வருஷமா இருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றாள் ஷம்ஷாத். "எங்கள்ல பாலுன்னா லேசுபட்ட சமாசாரம் இல்ல. பெத்தவ யாரா இருந்தாலும் பால் குடுத்தவ தாயாயிடுவா. அஞ்சு வாட்டி வயிறார குடிச்சிட்டா ஆச்சு, அது அவ புள்ளதான். அப்பறம் நீயே நெனச்சாலும் இல்லன்னு சொல்ல முடியாது."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். வனஜாவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. மூன்று நாள். நாளைக்கு நாலு தடவை. நாலு மூணு பன்னிரண்டு.

"அக்கா, இந்த வீட்டுல எங்களுக்கு முன்னாடி யாரு இருந்தாங்க?"

"யாரோ சேலத்துப் பக்கத்து ஆளுங்க. நாலு மாசம்கூட இல்ல. அந்தம்மா பின்கதவத் தெறந்து நான் பாத்ததே இல்ல. கொடிகூட வாசப் பக்கந்தான் கட்டியிருப்பா." ஷம்ஷாத் எழுந்தாள். "ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

அவள் போனபின் வனஜா பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கொடியில் பாப்பாவின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன, முருங்கையில் ஒரு காக்கை உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது, மதிலுக்கு அப்பால் சைக்கிள் மணி ஒன்று கேட்டுத் தேய்ந்தது. பயப்படும்படியாக அங்கே ஒன்றுமே இல்லை. மதில் ஓரமாக எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. மூலை நெருங்கும் இடத்தில் அந்தச் சாரி மதிலை விட்டு விலகி, அரை வட்டமாக வளைந்து, அந்த முறத்தளவு மண்ணைச் சுற்றிக்கொண்டு மறுபடி மதிலுக்குப் போயிற்று. வனஜா ஓர் அடி எடுத்துவைத்தாள். சுருக்கென்றது. இன்னோர் அடி. ரவிக்கை நனைந்தது. பின்னால் நகர்ந்தாள், நின்றது. முன்னால் வந்தாள், பெருகியது. மண் இலேசாகப் பள்ளமாகி இருந்தது. உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள். வெயில் பட்ட சூடு அல்ல அது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றிச் சூடு.

உள்ளே ஓடி வந்து தாழ்ப்பாள் போட்டாள். யாரிடம் சொல்வது? குணசேகரன் நல்லவன்தான். ஷிப்ட் முடிந்து வந்து துணி துவைத்துப்போடுகிற ஆண்பிள்ளை அந்த வரிசையிலேயே அவன் ஒருத்தன்தான். ஆனால் இதைச் சொன்னால் மறுநாளே கரையான்சாவடிக்குப் போய் அக்காவைக் கூட்டிவருவான். பைத்தியம் பிடித்தவளிடம் பிள்ளையை விடக் கூடாது என்று அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போவாள். பசும்பாலும் தண்ணீருமாகக் கொடுப்பாள். பாப்பா செத்துப்போவாள்.

அன்று சாயங்காலம் பாப்பா அழவில்லை. அழத் தெம்பில்லாமல், வாயைத் திறந்து திறந்து மூடினாள். அந்தச் சத்தமில்லாத வாயைப் பார்த்ததும் வனஜாவுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து, நேரே மூலைக்குப் போய், அந்த மண்ணுக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இடது பக்கம் பாப்பாவை வைத்தாள். வலது பக்கத்தை மண்ணுக்குத் திறந்துவிட்டாள்.

"நீயும் குடி" என்றாள். "அவளுக்கும் விடு."

வலது பக்கத்துப் பால் தாரை தாரையாக மண்ணில் விழுந்தது. விழுந்த இடத்தில் ச்சப், ச்சப் என்று ஓர் ஈரச் சத்தம். அடுத்த நொடி இடது பக்கம் திறந்துகொண்டது. பாப்பாவின் தொண்டை அசைந்தது. க்ளக். க்ளக். க்ளக். எட்டு நாளில் முதல் தடவையாக அவள் பிள்ளை விழுங்கும் சத்தத்தை அவள் கேட்டாள். வாயோரம் பால் வழிய, கண் சொருக, கை விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து விரிய, பாப்பா அப்படியே தூங்கிப்போனாள். வனஜா மண்ணைப் பார்த்துக் கைகூப்பினாள். அவ்வளவு சந்தோஷம். யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு துணி நனைந்தது. நாலு! மூத்திரத் துணியை முகர்ந்து பார்த்துச் சிரித்த தாய் உலகத்தில் வேறு யாரும் இருப்பார்களா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூன்று வேளை பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். மூன்று வேளையும் இரண்டு பேரும் குடித்தார்கள். இரண்டு பேர் என்றுதான் அவள் மனசும் எண்ணியது.

சனிக்கிழமை கணக்கு மாறியது. வலது பக்கம் நிற்காமல் போயிற்று, இடது பக்கம் சீக்கிரமே ஓய்ந்தது. பாப்பா பாதியில் சிணுங்கினாள். ஒரே துணிதான் நனைந்தது. ராத்திரி ரவிக்கை மாற்றும்போது குணசேகரன் பார்த்துவிட்டான். வலது மார்பில் காம்பைச் சுற்றி ஒரு வட்டம் கன்றிப்போயிருந்தது.

"இன்னா இது? பாப்பா இப்டியா இழுக்குறா?"

"ஆமா" என்றாள் வனஜா.

"அப்ப தெம்பு வந்துடுச்சுன்னு சொல்லு!" அவன் முகம் மலர்ந்தது. "திங்கக்கெயம பாரு, டாக்டரம்மாவே அசந்துடுவாங்க."

பாப்பா அன்று முழுவதும் வலது பக்கத்தில் வாயே வைக்கவில்லை. வனஜா கண்ணாடியில் அந்த வட்டத்தைப் பார்த்தாள். சின்ன வட்டம். பல் முளைக்காத வாய். மண்ணில் விழுந்ததைத்தான் இதுவரை அது குடித்தது. இது எப்போது வந்தது?

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. குணசேகரனுக்கு ஓவர்டைம். கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன் சைக்கிளில் போனான். ஐப்பசி மழை, விடுகிற மழையாக இல்லை. பத்து மணிக்கெல்லாம் பின்பக்கம் குளமாகிவிட்டது. துவைக்கிற கல் மூழ்கி, முருங்கையின் அடிமரம் மூழ்கி, செம்மண் தண்ணீர் பின்வாசல் படியை நக்கிக்கொண்டு நின்றது. மதில் மூலையில் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து குமிழி குமிழியாக வந்து உடைந்தது. ஒன்று நின்று, ஒன்று. மூச்சு விடுகிற கணக்கில்.

வனஜா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தாள். கணுக்கால் மூழ்கியது. பாப்பாமேல் சாரல் அடித்ததும் அந்தத் துளி உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. திரும்பிவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து இடது பக்கம் கொடுத்தாள். இல்லை. வலது பக்கம் கொடுத்தாள். இல்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கடைவாயில் வழிந்தது, உள்ளே போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் பாப்பா பூனைக்குட்டி மாதிரி அழுதாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. வனஜா ஷம்ஷாத் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். பூட்டு தொங்கியது, பூந்தமல்லிக்குக் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நேற்றே சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று ரோடு வரை போனாள். முழங்கால் தண்ணீர். ஒரு ரிக்‌ஷாகூட இல்லை. நனைந்த பாப்பா உதடு நீலம் பாய்ந்து நடுங்கினாள். மறுபடி வீடு. ஆறு மணிக்கு அவர் வந்துவிடுவார், வந்ததும் போய்விடலாம், ஆறு மணி வரைக்கும் மட்டும் இரு, கண்ணு, ஆறு மணி வரைக்கும்.

ஐந்து மணிக்குக் கரண்ட் போயிற்று. பின்கதவு இடுக்கில் தண்ணீர் கசிந்தது. சாக்கை மடித்து அடைத்தாள். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள், போட்டுத்தான் இருந்தது. பாப்பாவைத் துடைத்து, காய்ந்த துணியில் சுற்றி, தூளியில் போட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்து ஆட்டினாள். ஓட்டின்மேல் மழை, தூளிக் கம்பியின் கிறீச், பாப்பாவின் முனகல். மூன்று ராத்திரியாக அவள் தூங்கவில்லை. கண் மூடாதே என்று தன்னைத் தானே கிள்ளினாள். மழை. கிறீச். மழை.

விழித்தபோது இருட்டு. மடியில் பாப்பா இருந்தாள். குடித்துக்கொண்டிருந்தாள்.

எப்போது எடுத்தோம்? தூக்கத்திலேயே எடுத்திருக்க வேண்டும். எப்படியோ, குடிக்கிறாள்! க்ளக், க்ளக் என்று என்ன ஒரு சத்தம், என்ன ஒரு இழுப்பு. இடுப்பு வரை வலித்துக்கிடந்த மார்பு தளர்ந்து, முதுகு தளர்ந்து, ஒரு மாசத்துப் பாரமெல்லாம் உடம்பை விட்டு இறங்கியது. வனஜாவுக்குக் கண்ணீர் வந்தது. "குடி கண்ணு, நல்லா குடி" என்று சொல்லி, பிள்ளையை இன்னும் நெருக்கி அணைத்தாள்.

கனமாக இருந்தாள். இரண்டு கிலோ இல்லை இது.

துணி சுற்றியிருக்கவில்லை. உடம்பு ஈரமாக இருந்தது. முடி ஈரமாக இருந்தது. பாப்பாவுக்கு அவ்வளவு முடி கிடையாது. மழைக்கு முந்தி வருகிற மண் வாசனை இல்லை, தோண்டின மண்ணின் வாசனை அவள் மடியிலிருந்து வந்தது.

தூளிக்குள் பாப்பா முனகினாள்.

வனஜா அசையவில்லை. மறுபடி கேட்டது. மெல்லிசாக. தலைக்கு மேலே. தூளியில்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. தள்ளினாள். விடவில்லை. வாயோரத்தில் சுண்டு விரலை விட்டால் பிள்ளைகள் விட்டுவிடும். விட்டாள். உதடு குளிர்ந்திருந்தது. பல் இல்லை. ஈறும் இல்லை. நாக்கும் இல்லை. விரல் முழுக்க உள்ளே போயிற்று. உள்ளே மண். ஈர மண். மண் மட்டும்.

அது குடித்தது.

குடிக்கட்டும். வயிறு நிறையட்டும். நிறைந்தால் விட்டுவிடும். விட்டதும் பாப்பாவுக்கு. மிச்சம் பாப்பாவுக்கு. இரு கண்ணு. கொஞ்சம் இரு. வனஜா இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுருங்கிக்கொண்டே போயிற்று. அது நிறுத்தவில்லை.

வாசல் கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து குணசேகரன் இருட்டில் நின்றான். வத்திப்பெட்டியைத் தேடி, ஊறிப்போயிருக்கக் கண்டு, கீழே போட்டான். அப்படியே நின்று காது கொடுத்தான். க்ளக். க்ளக்.

"அடேங்கப்பா" என்றான் தணிந்த குரலில். "வாசல் வரைக்கும் கேக்குது. பாப்பாவா இப்டி குடிக்குறா?"

வனஜா வாயைத் திறந்தாள். தூளியில்தான் நம்ம பிள்ளை, தூக்குங்க, ஓடுங்க. சொல்வதற்குள் மடியிலிருந்து ஒரு கை மேலே வந்தது. பால் குடிக்கிற பிள்ளைகள் எல்லாம் செய்வதுதான். தாயின் கழுத்தைத் தடவி, முகவாயைத் தடவி, திறந்த வாய்க்குள் விரல்களை விட்டது. நாக்கு முழுக்க மண். குரல் வரவில்லை.

"பேசாத, பேசாத. குடிக்கட்டும்." குணசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் சுவரோரம் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தலையில் ஏதோ இடித்தது. தூளி. மெதுவாக, விட்டு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டின்மேல் மழை இன்னும் வலுத்தது.

"வெறும் தூளி ஆடக் கூடாதுன்னு அக்கா சொல்லும்" என்று சொல்லி, அவன் கையை உயர்த்திக் கயிற்றைப் பிடித்தான். ஆட்டம் நிற்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. மடியில் இருந்தது குடித்துக்கொண்டே இருந்தது.